நைட் ஷிப்ட் எந்தத் தேதியில் சேரும்? நெட்பீன்ஸில் ஒரு வெப் சர்வீஸ்

வெப் சர்வீஸ் என்றால் என்ன? ஒரு நிமிடத்தில் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? ஐந்து வருடமாக அதை வைத்துத்தான் சம்பளம் வாங்கிக் கொண்டிருந்த எனக்குச் சொல்ல முடியவில்லை.

2024 ஆகஸ்ட் முதல் வாரம். சென்னையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒரு பழைய புரோகிராமை என் தலையில் கட்டினார்கள். வாடிக்கையாளரின் சர்வரில் இருக்கும் ஒரு சோப் சர்வீஸோடு பேசி, விவரங்களை வாங்கி வரும் புரோகிராம் அது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். வாரம் முழுக்க ஒழுங்காக ஓடும். திங்கட்கிழமை காலையில் மட்டும் எழுந்திருக்காது. பத்து மணி வாக்கில் யாரும் தொடாமலேயே தானாகச் சரியாகிவிடும். நான் என்ன செய்தேன் தெரியுமா? நெட்பீன்ஸில் அந்த கிளையன்ட்டை அழித்துவிட்டு, விசார்ட் மூலம் மறுபடியும் உருவாக்கினேன். அடுத்த திங்களும் அதே கதை. எங்கள் டீம் லீட் எல்லோரும் இருந்த போன் காலில் கேட்டார்: "அந்த பினிஷ் பட்டனை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது?" நான் மியூட்டில் இருப்பது போல நடித்தேன். இரண்டு வாரத்தில் சரி செய்யாவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று அந்தக் காலிலேயே முடிவு செய்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் நெய்வேலிக்குப் போக வேண்டியிருந்தது. அப்பா அந்த மாதம் 31ஆம் தேதி ரிட்டயர்ட் ஆகிறார். சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் டெக்னீஷியன். ரிட்டயர்ட் ஆனால் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். நான் பிறந்ததிலிருந்து இருந்த வீடு. மூன்று வாரம் வீட்டிலிருந்தே வேலை செய்ய அனுமதி வாங்கிக்கொண்டு லேப்டாப்போடு பஸ் ஏறினேன்.

பக்கத்து வீட்டுத் தம்பி

பக்கத்து குவார்ட்டர்ஸ் தம்பி இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். மினி புராஜெக்ட் கொடுக்க வேண்டும். கூடப் படிப்பவர்கள் பணம் கொடுத்து புராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாக வாங்கிவிட்டார்களாம். "நீங்க இந்த லைன்லதானே இருக்கீங்க, வெப் சர்வீஸ் ஒண்ணு செஞ்சு தாங்கக்கா" என்று வந்து நின்றான். எனக்கே உதறல். ஆனால் அவனிடம் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. செய்து தரமாட்டேன், உட்கார்ந்து சேர்ந்து செய்யலாம் என்று சொல்லிவிட்டேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் சாக்கில் நானும் முதலிலிருந்து கற்றுக்கொள்ளலாமே என்ற சுயநலம்தான்.

என்ன சர்வீஸ் செய்வது? சமையலறைச் சுவரில் முருகன் படம் போட்ட காலண்டர் தொங்கியது. ஒவ்வொரு தேதியின் மூலையிலும் அம்மா பால்பாயின்ட் பேனாவால் 1, 2, நை என்று எழுதியிருந்தார். முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், நைட். கோடு போட்டிருந்தால் ஓய்வு. ஷிப்ட் வேலைக்குப் போகிறவர் வீட்டில் இந்தக் காலண்டர்தான் சட்டம். கல்யாணத்துக்குப் போவது, டாக்டரிடம் போவது, இட்லிக்கு மாவு அரைப்பது எல்லாம் இதைப் பார்த்துத்தான். தேதியைக் கொடுத்தால் ஷிப்ட்டைச் சொல்லும் சர்வீஸ் செய்யலாம் என்று முடிவானது.

நிலக்கரியும் வெப் சர்வீஸும்

வெப் சர்வீஸ் என்றால் என்ன என்று தம்பிக்கு விளக்க முயன்று நான் திணறியதைப் பார்த்து, அப்பா தினத்தந்தியை மடித்து வைத்துவிட்டு, "எதுக்கும்மா இது?" என்றார். சொன்னேன். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராம், இன்னொரு கம்ப்யூட்டரில் இருக்கும் புரோகிராமிடம் நெட்வொர்க் வழியாக வேலை கேட்பது. அது இது எந்த மொழியில் எழுதப்பட்டது என்று பார்க்காது, இது அது எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஓடுகிறது என்று கேட்காது.

"ஊத்தங்கால் பிளான்ட்டு மாதிரி" என்றார் அப்பா.

நெய்வேலியைப் பற்றித் தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1956இல் தொடங்கிய நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன், 2016 முதல் என்.எல்.சி. இந்தியா லிமிடெட். இங்கே வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி எடை ஈரம்தான். தூரத்துக்கு அனுப்பினால் தண்ணீரைச் சுமந்த கதையாகும். அதனால் சுரங்க வாசலிலேயே அனல் மின் நிலையம் வைத்து, கன்வேயர் பெல்ட்டில் அனுப்பி எரிக்கிறார்கள். சோவியத் உதவியோடு கட்டப்பட்ட முதல் அனல் மின் நிலையம் 1962இல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கி, 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020இல் மூடப்பட்டது. இவையெல்லாம் ஒரே நிறுவனத்தின் சுரங்கமும் நிலையமும். ஆனால் ஊத்தங்காலில் 2002இல் வந்த 250 மெகாவாட் நிலையம் தனியாருடையது. அதற்கு நிலக்கரி கொடுக்கவே என்.எல்.சி. 1ஏ என்ற சுரங்கத்தைத் திறந்தது.

அப்பா சொன்னது இதுதான். மண்ணை வெட்டும் மெஷின் என்ன கம்பெனி, பெல்ட் எத்தனை கிலோமீட்டர், யார் ஷிப்ட் என்பதெல்லாம் அந்தத் தனியார் நிலையத்துக்குத் தேவையில்லை. எங்கே வந்து வாங்குவது, என்ன அளவு, என்ன தரம், எப்படிக் கேட்பது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் போதும். சுரங்கத்துக்குள் மெஷினை மாற்றினாலும் ஒப்பந்தம் மாறாது.

அந்த ஒப்பந்தத்துக்கு நம் துறையில் டபிள்யூ.எஸ்.டி.எல். என்று பெயர். வெப் சர்வீஸ் டிஸ்கிரிப்ஷன் லாங்வேஜ் என்பதன் சுருக்கம். என்ன வேலைகள் கிடைக்கும், ஒவ்வொன்றுக்கும் என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும், எந்த முகவரியில் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அதில் எக்ஸ்.எம்.எல். வடிவில் இருக்கும். பெல்ட்டில் போகும் சரக்கு எந்தப் பெட்டியில் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்று சொல்வது சோப். உறை, தலைப்பு, உடல் என்று கடிதம் மாதிரி இருக்கும். 1998 வாக்கில் மைக்ரோசாப்ட்டோடு சேர்ந்து சிலர் தொடங்கியது. 2000இல் டபிள்யூ3சி அமைப்பிடம் குறிப்பாகத் தரப்பட்டது. 2003இல் 1.2 பதிப்பு முறையான தரமானது. முதலில் அதன் பெயரில் 'சிம்பிள்' என்ற சொல் இருந்தது. 1.2 பதிப்பில் விரிவாக்கத்தையே கைவிட்டுவிட்டார்கள். பயன்படுத்திப் பார்த்தவர்களுக்குக் காரணம் புரியும்.

நெட்பீன்ஸ் எங்கிருந்து வந்தது?

இந்த எக்ஸ்.எம்.எல். பைல்களைக் கையால் எழுதினால் கண் போய்விடும். அதற்குத்தான் ஐ.டி.இ. என்ற கருவி. எடிட்டர், கம்பைலர், பிழை கண்டுபிடிக்கும் டிபக்கர், உதவி எல்லாம் ஒரே ஜன்னலில் கிடைக்கும். நெட்பீன்ஸ் 1996இல் பிராக் நகரில் மாணவர்களின் கல்லூரி புராஜெக்ட்டாகத் தொடங்கியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1999இல் அதை வாங்கி, 2000இல் ஓப்பன் சோர்ஸ் ஆக்கியது. 2010இல் சன்னோடு சேர்ந்து ஆரக்கிளுக்குப் போனது. 2016இல் அப்பாச்சி அமைப்புக்குக் கொடுக்கப்பட்டு, 2019 முதல் அங்கே முழு உறுப்பினர். இலவசம். மாணவர் புராஜெக்ட் என்று கேட்டதும் தம்பியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உனக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று அடக்கி வைத்தேன்.

முதல் முட்டுக்கட்டை ஆரம்பத்திலேயே வந்தது. தம்பி கையில் சீனியர் ஒருவர் கொடுத்த பழைய பாடக்குறிப்பு. அதில் உள்ளபடி டைப் செய்தால், 'ஜாவாக்ஸ் டாட் ஜேடபிள்யூஎஸ் என்ற பேக்கேஜ் இல்லை' என்று சிவப்புக் கோடு. குறிப்பும் தவறில்லை, அவனும் தவறாக டைப் செய்யவில்லை. 2006இல் வந்த ஜாவா 6 முதல் ஜாவா 8 வரை இந்த வெப் சர்வீஸ் பகுதி ஜாவாவுக்குள்ளேயே இருந்தது. 2018இல் வந்த ஜாவா 11இல் அதைத் தூக்கிவிட்டார்கள். அவன் லேப்டாப்பில் இருந்தது ஜாவா 17. அது மட்டுமில்லை. என்டர்பிரைஸ் ஜாவாவை ஆரக்கிள் எக்லிப்ஸ் அமைப்புக்குக் கொடுத்த பிறகு, 2020 கடைசியில் அந்தப் பகுதிகளின் பெயரில் 'ஜாவாக்ஸ்' என்பதற்குப் பதிலாக 'ஜகார்த்தா' என்று வந்துவிட்டது. பழைய புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தையில்தான்.

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால் இப்படிச் செய்திடுங்கள். ஜே.டி.கே. 17, நெட்பீன்ஸ் இரண்டையும் அவற்றின் தளங்களிலிருந்து டவுன்லோட் செய்து பதிந்து கொள்ளுங்கள். பைல் மெனுவில் நியூ புராஜெக்ட் தேர்ந்தெடுத்து, 'ஜாவா வித் மேவன்' பிரிவில் ஜாவா அப்ளிகேஷன் என்பதைக் கிளிக் செய்யுங்கள். புராஜெக்ட் உருவானதும் இடது பக்கம் டிபென்டன்சீஸ் என்ற போல்டர் தெரியும். அதில் ரைட் கிளிக் செய்து, ஆட் டிபென்டன்சி கொடுத்து, ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்-ஆர்டி என்ற பெயரில் உள்ளதைத் தேடி, 4 என்று தொடங்கும் பதிப்பைச் சேருங்கள். தேவையான மற்ற பைல்களை மேவனே இறக்கிக் கொள்ளும். முதல் தடவை நேரம் எடுக்கும். இன்டர்நெட் வேகம் குறைவாக இருந்தால் டீ குடித்துவிட்டு வரலாம்.

பெரிய சர்வர் சாப்ட்வேர் எதுவும் தேவையில்லை. ஒரு கிளாஸ் எழுதி, அதன் தலையில் 'அட்' குறி போட்டு வெப்சர்வீஸ் என்று எழுத வேண்டும். ஷிப்ட் கண்டுபிடிக்கும் மெத்தட்டின் தலையில் அதேபோல் வெப்மெத்தட். பிறகு மெயின் மெத்தட்டில் எண்ட்பாயின்ட் என்ற கிளாஸின் பப்ளிஷ் கட்டளைக்கு முகவரியையும் நம் கிளாஸையும் கொடுத்து ரன் செய்தால் சர்வீஸ் தயார். பிரவுசரில் அந்த முகவரியை அடித்து, கடைசியில் கேள்விக்குறியும் டபிள்யூ.எஸ்.டி.எல். என்ற எழுத்துகளும் சேர்த்து என்டர் தட்டினால் ஒப்பந்தம் திரையில் விரியும். நாம் ஒரு வரிகூட எக்ஸ்.எம்.எல். எழுதவில்லை. ஆனால் அந்த ஒப்பந்தத்தை ஒரு முறையாவது மேலிருந்து கீழ் வரை படித்துப் பாருங்கள். ஐந்து வருடத்தில் நான் அன்றுதான் முதல் தடவையாகப் படித்தேன். நாங்கள் 'தேதி' என்று பெயர் வைத்த இடத்தில் 'ஆர்க்0' என்று இருந்தது. வெப்பேரம் என்ற குறிப்பைப் போடாவிட்டால் நாம் வைத்த பெயர் ஒப்பந்தத்துக்குப் போகாது. விசார்ட் இதையெல்லாம் தானாகப் போட்டுவிடுவதால் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

தேதியை எப்படிக் கொடுப்பது என்பதிலும் ஒரு சிக்கல். 05-06 என்றால் நமக்கு ஜூன் 5. அமெரிக்காவில் எழுதிய சாப்ட்வேருக்கு மே 6. அதனால் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுத்துச் சரமாகவே வாங்கி, உள்ளே தேதியாக மாற்றிக் கொண்டோம்.

அம்மா கண்டுபிடித்த பிழைகள்

ஷிப்ட் கணக்கு இதுதான். ஒரு வாரம் முதல் ஷிப்ட், அடுத்த வாரம் இரண்டாவது, அதற்கடுத்தது நைட், ஞாயிறு ஓய்வு. உண்மையான ரோஸ்டர் இதைவிடச் சுற்றல். கட்டுரைக்காக எளிமையாக்கிச் சொல்கிறேன். மொத்தச் சுழற்சி 21 நாள். 1-1-2024 திங்கட்கிழமை, முதல் ஷிப்ட் வாரத்தின் ஆரம்பம். கேட்ட தேதி அதிலிருந்து எத்தனையாவது நாள் என்று பார்த்து, 21ஆல் வகுத்து மீதியை எடுத்து, அதை 7ஆல் வகுத்தால் 0, 1, 2 என்று விடை வரும். 15-8-2024க்குப் போட்டுப் பார்த்தோம். 227 நாள், மீதி 17, ஏழால் வகுத்தால் 2. நைட் ஷிப்ட். காலண்டரிலும் 'நை'. தம்பி கை தட்டினான்.

அம்மா அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்பவர் இல்லை. பரணில் இருந்து பழைய காலண்டர் கட்டை இறக்கினார். வீடு காலி செய்வதால் எப்படியும் இறக்க வேண்டியதுதான். 2023 காலண்டரை எடுத்துவைத்துக்கொண்டு, "டிசம்பர் 30 கேளு" என்றார். சர்வீஸ் முதல் ஷிப்ட் என்றது. காலண்டரில் 'நை'. "25ஆம் தேதி கேளு" என்றார். இந்த முறை சர்வீஸ் விழுந்தேவிட்டது. பதிலுக்குப் பதிலாக 'பால்ட்' என்ற எக்ஸ்.எம்.எல். வந்தது.

காரணம் என்ன? அடிப்படைத் தேதிக்கு முந்தைய நாட்கள் மைனஸ் எண்ணாக வருகின்றன. ஜாவாவில் மைனஸ் எண்ணை வகுத்து மீதி எடுத்தால் மீதியும் மைனஸில்தான் வரும். டிசம்பர் 30க்கு மைனஸ் 2. அதை 7ஆல் வகுத்தால் முழு எண் 0. அதனால் முதல் ஷிப்ட் என்று கூசாமல் பொய் சொன்னது. 25க்கு மைனஸ் 7. வகுத்தால் மைனஸ் 1. பட்டியலில் மைனஸ் ஒன்றாவது இடம் கிடையாது, அதனால் விழுந்தது. விழுந்த பிழையை நானே பிடித்திருப்பேன். விழாமல் தவறான பதில் சொன்னதை அந்தக் காலண்டர் இல்லாமல் பிடித்திருக்க முடியாது. ஜாவா 8 முதல் மேத் கிளாஸில் புளோர்மாட் என்று ஒன்று இருக்கிறது. சதவீதக் குறிக்குப் பதில் அதைப் போட்டதும் டிசம்பர் 2023 முழுவதும் அம்மாவின் பேனாவோடு ஒத்துப்போனது.

2019க்கு முந்தைய காலண்டர்கள் ஒத்துப்போகவில்லை. அப்பா அப்போது வேறு குரூப். 2011 காலண்டரைச் சும்மா புரட்டினோம். டிசம்பர் 30இல் எதுவுமே எழுதவில்லை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்த நாள் அது. முந்தின நாள் நைட் ஷிப்ட் போனவர், வழியெல்லாம் மரம் விழுந்து, மறுநாள் மத்தியானம்தான் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று அம்மா சொன்னார். அதற்கு எந்த ஷிப்ட் என்று எழுதுவது?

நைட் ஷிப்ட் எந்தத் தேதியில் சேரும் என்பதும் அன்றுதான் கேள்வியாக வந்தது. இரவு கிளம்பி மறுநாள் காலையில் திரும்பும் வேலை. தம்பி திரும்பும் தேதி என்றான். நான் சும்மா இருந்தேன். "கிளம்புற நாளுதான்டி. சோறு அன்னைக்குத்தானே கட்டணும்" என்றார் அம்மா. டபிள்யூ.எஸ்.டி.எல். பைலில் குறிப்பு எழுத ஒரு இடம் உண்டு. அதில் 'நைட் ஷிப்ட் தொடங்கும் தேதியில் கணக்கிடப்படும்' என்று சேர்த்தோம். எத்தனை சர்வீஸ்களில் இப்படி ஒரு வரி இல்லாமல் இரண்டு கம்பெனிகள் மாதக்கணக்கில் சண்டை போடுகின்றன என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

தேதி எதுவும் கொடுக்காமல் 'இன்று' என்ன ஷிப்ட் என்று கேட்கும் இன்னொரு மெத்தட்டையும் எழுதி, வாடகைக்குக் கிடைக்கும் ஒரு கிளவுட் சர்வரில் ஏற்றினோம். தம்பி அதைக் கேட்டுக் காட்டும் சின்னப் பக்கம் ஒன்றை அம்மாவின் போனில் வைத்துக் கொடுத்தான். 19-8-2024, திங்கட்கிழமை. விடிகாலை 4:30க்கு எழுந்த அம்மா போனைப் பார்த்தால் 'ஓய்வு' என்று இருந்திருக்கிறது. சுவர்க் காலண்டரில் 1. அம்மா காலண்டரை நம்பி அப்பாவை எழுப்பிவிட்டார். போனை நம்பியிருந்தால் ரிட்டயர்ட் ஆக பன்னிரண்டு நாள் இருக்கும்போது அப்பாவுக்கு ஒரு ஆப்சென்ட்.

அந்த சர்வரின் கடிகாரம் சர்வதேச நேரத்தில் ஓடுகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னே. நமக்கு நள்ளிரவு தாண்டி காலை 5:30 ஆகும் வரை அதற்கு முந்தைய நாள்தான். என் லேப்டாப்பில் சோதித்தபோது இந்தப் பிழை வரவே வராது. 'இன்று' என்று கேட்கும் இடத்தில் ஆசியா, கொல்கத்தா என்று நேர மண்டலத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரே வரி மாற்றம். அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் அவரிடம் இதைச் சொல்லவில்லை. அம்மா சொல்லிவிட்டார்.

பினிஷ் பட்டன்

இப்போது என் அலுவலகக் கதைக்கு வருகிறேன். கிளவுடுக்குப் போவதற்கு முன்பே, தம்பியின் லேப்டாப்பில் கிளையன்ட் எழுதியிருந்தோம். முதலில் அவனால் என் சர்வீஸைத் தொடவே முடியவில்லை. லோக்கல்ஹோஸ்ட் என்று பப்ளிஷ் செய்தால் அதே கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் கேட்கும். நான்கு பூஜ்யங்களைப் புள்ளி வைத்து எழுதிக் கொடுத்த பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த வைபையில் வேலை செய்தது. நெட்பீன்ஸின் வெப் சர்வீஸ் கிளையன்ட் விசார்ட்டில் என் லேப்டாப்பின் முகவரியைக் கொடுத்து பினிஷ் அழுத்தினான். பத்துப் பன்னிரண்டு பைல்கள் உருவாயின. அதே சர்வீஸை பைத்தானில் ஜீப் என்ற லைப்ரரி மூலமாகவும் கேட்டுக் காட்டினேன். எந்த மொழியில் கேட்டாலும் ஒரே பதில் வருவதைப் பார்த்து அப்பா, "அதான் சொன்னேனே" என்றார்.

சர்வீஸை கிளவுடுக்கு மாற்றிய பிறகு, கிளையன்ட்டில் கேட்கும் முகவரியையும் கிளவுடுக்கு மாற்றினோம். ஓடியது. செவ்வாய்க்கிழமை இரவு என் லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தேன். பத்து நிமிடத்தில் தம்பியிடமிருந்து போன். "அக்கா, சர்வீஸ் செத்துப்போச்சு." என் போன் பிரவுசரில் பார்த்தால் சர்வீஸ் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. எழுந்து லேப்டாப்பைத் திறந்தேன். "இப்ப வருதுக்கா" என்றான். மூடினேன். அவன் புரோகிராமை மறுபடி ஓட்டினான். வரவில்லை. திறந்தேன். வந்தது.

பாயில் உட்கார்ந்தபடியே அந்தப் பத்துப் பன்னிரண்டு பைல்களையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்றில், கிளாஸின் ஆரம்பத்திலேயே, என் லேப்டாப்பின் முகவரி எழுதியிருந்தது. விசார்ட் எந்த முகவரியிலிருந்து ஒப்பந்தத்தைப் படித்ததோ, அந்த முகவரியைக் கோடுக்குள்ளேயே எழுதி வைத்துவிடுகிறது. புரோகிராம் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் முதலில் அங்கே போய் ஒப்பந்தத்தை மறுபடி படிக்கிறது. பிறகுதான் நாம் சொன்ன முகவரிக்குப் போகிறது. ஒப்பந்தம் இருந்த இடம் மூடியிருந்தால், சர்வீஸ் எவ்வளவு நன்றாக ஓடினாலும் பயனில்லை.

அலுவலகப் புரோகிராமைத் திறந்தேன். அதே இடத்தில் வாடிக்கையாளரின் டெஸ்ட் சர்வர் முகவரி. வேலையை விட்டுப் போனவர் டெஸ்ட் சர்வரை வைத்து உருவாக்கியிருக்கிறார். நான் மறுபடி உருவாக்கியதும் அதே முகவரியை வைத்துத்தான். மறுநாள் விசாரித்ததில், செலவைக் குறைக்க டெஸ்ட் சர்வரைச் சனி, ஞாயிறு அணைத்துவிட்டு, திங்கள் காலை பத்து மணிக்குத்தான் ஆன் செய்கிறார்கள். எங்கள் புரோகிராம் ஞாயிறு இரவு ஒருமுறை ரீஸ்டார்ட் ஆகிறது. அவ்வளவுதான். டபிள்யூ.எஸ்.டி.எல். பைலை எங்கள் புராஜெக்ட்டுக்குள்ளேயே சேமித்து, அதிலிருந்து படிக்கச் சொல்லி, உண்மையான முகவரியை பைண்டிங் புரொவைடர் என்பதன் மூலம் ஓடும்போது கொடுத்தேன். 26ஆம் தேதி திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே எழுந்து பார்த்தேன். எழுந்திருந்தது. டீம் லீட் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினார். புராஜெக்ட் என்னிடமே இருக்கிறது.

இன்றைக்கு யார் சோப் எழுதுகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கூகுள் 2002இல் தன் தேடலை சோப் சர்வீஸாகக் கொடுத்தது, 2006 கடைசியில் புதியவர்களுக்குக் கொடுப்பதை நிறுத்தியது. ராய் பீல்டிங் 2000இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் விவரித்த ரெஸ்ட் முறையும், எடை குறைவான ஜேசானும்தான் இப்போது பெரும்பான்மை. புதிதாகத் தொடங்குகிறவர் ரெஸ்ட்டில் தொடங்குவதே சுலபம். நெட்பீன்ஸில் அதற்கும் வழி உண்டு. ஆனால் எக்ஸ்.எம்.எல். செத்துவிடவில்லை. ஆதார் சரிபார்ப்புக்குப் போகும் செய்தியும், 2016இல் வந்த யு.பி.ஐ.யில் வங்கிகளுக்கு இடையே போகும் செய்தியும் எக்ஸ்.எம்.எல். வடிவம்தான், சோப் உறை மட்டும் கிடையாது. வங்கி, காப்பீடு போன்ற இடங்களில் பழைய சோப் சர்வீஸ்கள் இன்னும் ஓடுகின்றன. அவற்றை எழுதியவர்கள் ஒவ்வொருவராக ரிட்டயர்ட் ஆகிறார்கள்.

ஒரு யோசனை மட்டும் சொல்கிறேன். விசார்ட்டைப் பயன்படுத்துங்கள், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் பினிஷ் அழுத்திய பிறகு உருவான பைல்களை ஒரு தடவை திறந்து படியுங்கள். சோப்-யுஐ என்ற இலவசக் கருவியையும் பதிந்து கொள்ளுங்கள். போகிற எக்ஸ்.எம்.எல்., வருகிற எக்ஸ்.எம்.எல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

தம்பி வைவாவில் மைனஸ் எண் கதையைச் சொன்னானாம். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கால் மணி நேரம் அதைப் பற்றியே கேட்டிருக்கிறார்.

ஆகஸ்ட் 31 சனிக்கிழமை. கணக்குப்படி இரண்டாம் ஷிப்ட். மாலை மரியாதையெல்லாம் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தபோது அம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்டி, செப்டம்பர் 2 கேட்டா நைட்டுன்னு சொல்லுதே?" என்றார். உண்மைதான். நாங்கள் எழுதிய கணக்குக்கு முடிவுத் தேதி கிடையாது. 2050ஐக் கேட்டாலும் ஷிப்ட் சொல்லும். தம்பியைக் கூப்பிட்டு, அந்தத் தேதிக்குப் பிறகு கேட்டால் என்ன பதில் வர வேண்டும் என்று யோசித்தோம். அவன் 'பால்ட்' அனுப்பலாம் என்றான். நான் 'ஓய்வு' என்று அனுப்பலாம் என்றேன். அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஷிப்ட் இல்லைன்னு போடு, போதும்" என்றார். அப்படியே போட்டோம்.